மூன்று வருஷத்துக் குடித்தனம்

சங்கம் ஆரம்பிப்பது சுலபம். அதை மூடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

மாதர் சங்கமோ பஜனை மண்டலியோ நடத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதல் வருஷம் ஒரே கோலாகலம். பெயர்ப் பலகைக்கு மாலை என்ன, வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் என்ன! இரண்டாம் வருஷம் பாதிப் பேரிடம் சந்தா பாக்கி. மூன்றாம் வருஷம் காரியதரிசி அம்மாளின் கணவருக்கு வெளியூருக்கு மாற்றலாகிவிடும். அம்மாள் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றும் அமளியில் கணக்கு நோட்டு எங்கே போயிற்று, அலமாரிச் சாவி எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. சங்கமும் அதோடு சரி.

ஒரே ஒரு அங்கத்தினர் ஊரை விட்டுப் போனால் இந்தக் கதி என்றால், அங்கத்தினர் அத்தனை பேருமே மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊரை விட்டுப் போகிற சங்கத்தைப் பற்றி என்ன சொல்வது? 'அது எப்படி ஐயா நிலைக்கும்?' என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் அப்படி ஒரு சங்கம் நிலைத்திருக்கிறது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல. நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாக! அதுதான் இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஹாக்கி சங்கம்.

அங்கே இளங்கலைப் படிப்பு பெரும்பாலும் மூன்று வருஷம். பதினெட்டு வயதில் மட்டையும் கையுமாக வருகிறவர் இருபத்தொரு வயதில் பட்டத்தோடு போய்விடுவார். மேற்படிப்புக்காகத் தங்குகிற சிலரை விட்டால், இன்று மைதானத்தில் ஓடுகிறவர்களில் ஒருவர்கூட ஐந்து வருஷம் கழித்து அங்கே இருக்கமாட்டார். இருந்தும் ஒவ்வொரு வருஷமும் ஆக்ஸ்போர்டோடு பந்தயம் உண்டு. சந்தா வசூலாகிறது. வெளியூருக்கு வண்டி ஏற்பாடாகிறது. இவ்வளவையும் நடத்துகிறவர்கள், வீட்டில் அம்மா எழுப்பினால்தான் எழுந்திருக்கும் வயதுப் பிள்ளைகளும் பெண்களுந்தான். இந்த ரகசியம் என்ன என்பதைப் பார்ப்போம்.

கிரிக்கெட்டுக்குப் பிறந்த தம்பி

கழியால் பந்தை அடித்து விளையாடுவது உலகத்தில் எத்தனையோ தேசங்களில் பழைய காலந்தொட்டு உண்டு. ஆனால் இப்போது நாம் ஹாக்கி என்று சொல்லும் ஆட்டம், கையும் காலும் சும்மா இராத சில கிரிக்கெட் ஆட்டக்காரர்களால் உருவானது. லண்டனுக்கு அருகில் டெடிங்டன் என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் கிரிக்கெட் கிடையாது. ஆட்டக்காரர்களுக்கோ வீட்டில் உட்காரப் பொறுக்கவில்லை. 1871-ல் அங்கே ஒரு ஹாக்கி சங்கம் ஏற்பட்டது. அதற்கு முன்பே பிளாக்ஹீத் என்ற இடத்தில் ஒரு சங்கம் இருந்தது. அவர்கள் ரப்பர்க் கட்டி ஒன்றை வைத்துக்கொண்டு முரட்டுத்தனமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். டெடிங்டன்காரர்கள் அதை ஒதுக்கிவிட்டு, கையில் இருந்த கிரிக்கெட் பந்தையே எடுத்துக்கொண்டார்கள். கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்று வைத்தவர்களும் அவர்களே. கண்ட இடத்திலிருந்தெல்லாம் ஓங்கி அடித்து மற்றவன் மண்டையை உடைப்பது அதனால் குறைந்தது.

1886-ல் லண்டனைச் சுற்றியிருந்த சில சங்கங்கள் கூடி ஹாக்கி அஸோஸியேஷன் என்று ஒரு தலைமைச் சபையை அமைத்தன. கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரியும் அதில் சேர்ந்துகொண்டது. நாலு வருஷம் கழித்து, 1890-ல், கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் முதன்முதலாக ஹாக்கியில் மோதின. இந்த இரண்டு சர்வகலாசாலைகளும் சம்பந்தி வீட்டார் மாதிரி. ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள், விட்டுவைக்கவும் மாட்டார்கள். படகுப் போட்டியில் ஒன்றுக்கு வெளிர் நீலம், மற்றதற்குக் கரு நீலம் என்று நிறம் பிரித்துக்கொண்டதிலிருந்து, ஆக்ஸ்போர்டை எதிர்த்து விளையாடுகிறவருக்கு 'ப்ளூ' என்று ஒரு கௌரவம் வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் ப்ளூவுக்கு அந்த வெளிர் நீலக் கோட்டை அணியும் உரிமை உண்டு. பரிசுப் பணம் கிடையாது, சம்பளம் கிடையாது. நீலக் கோட்டு ஒன்றுதான். ஆனால் எழுபது வயதுத் தாத்தாக்கள்கூட அதைப் பூச்சி அரிக்காமல் பெட்டியில் வைத்திருந்து, விசேஷ நாட்களில் எடுத்துப் போட்டுக்கொள்வதுண்டு.

மதிலுக்குள்ளே ஒரு மைதானம்

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்பிள்ளைகள் சங்கதி. பெண்கள் எங்கே?

அவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஆனால் இருந்தும் இல்லாதவர்களாக இருந்தார்கள். கர்ட்டன் கல்லூரி 1869-ல் ஏற்பட்டது, நியூன்ஹாம் 1871-ல். இரண்டும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பெண்கள் கல்லூரிகள். கர்ட்டனை ஊருக்கு இரண்டு மைலுக்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டினார்கள். வாலிபர்களின் கண்ணில் பெண்கள் அதிகம் படக்கூடாது என்ற முன்ஜாக்கிரதைதான்! பெண்கள் பிரசங்கங்களுக்குப் போகலாம், துணைக்கு வயதான அம்மாள் ஒருவர் கூட வந்தால். பரீட்சையும் எழுதலாம். ஆனால் பட்டம் மட்டும் கிடையாது. சமையலெல்லாம் செய்துவிட்டுப் பந்தியில் இலை இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

1890-ம் வருஷம் என்று சொன்னோம் அல்லவா? முதல் ஹாக்கிப் பந்தயம் நடந்த அதே வருஷத்தில் கேம்பிரிட்ஜில் இன்னொரு சம்பவமும் நடந்தது. கணிதப் பரீட்சையின் முடிவைச் சபையில் வாசித்தார்கள். அந்தப் பரீட்சையில் முதலாவதாக வரும் ஆண்பிள்ளைக்கு 'ஸீனியர் ராங்க்ளர்' என்று பெயர். தேசம் முழுவதும் பத்திரிகைகளில் படம் போடுகிற அளவுக்கு மதிப்பு. அந்த வருஷம் நியூன்ஹாம் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா பாஸெட் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பெயரை வாசித்தபோது, 'ஸீனியர் ராங்க்ளருக்கு மேலே' என்றார்கள். ஆண்பிள்ளைகளில் முதல்வனையும் தாண்டிவிட்டாள்! மண்டபம் அதிர்ந்தது. பட்டம்? முதல்வனுக்குக் கிடைத்தது; அவனைத் தாண்டியவளுக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பெண்கள்தான் பாடம் முடிந்த மாலை வேளையில் கல்லூரி மதிலுக்குள்ளே ஹாக்கி ஆடினார்கள். தரையைப் பெருக்கும் பாவாடை, இறுக்கிக் கட்டிய இடுப்பு, கழுத்து வரை பொத்தான், தலையில் தொப்பி. பந்து பாவாடைக்குள் புகுந்துகொண்டால் அதைத் தேடி எடுப்பதே ஒரு தனி ஆட்டம். பாவாடையை விரித்துப் பந்தை மறித்துவிடுகிற சாமர்த்தியசாலிகளும் இருந்தார்கள். பிற்பாடு, பாவாடையின் ஓரம் தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். ஆறு அங்குலம்! இன்றைக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். அன்றைக்கு அந்த ஆறு அங்குலத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் எத்தனையோ பேர். டாக்டர்களிலேயே பலர், ஓடி ஆடும் பெண்ணின் உடம்பு கெட்டுவிடும் என்று எச்சரித்த காலம் அது.

மதிலுக்குள் தொடங்கிய ஆட்டம் மதிலுக்குள் நிற்கவில்லை. 1890-களிலேயே நியூன்ஹாம், கர்ட்டன் பெண்கள் சேர்ந்து ஆக்ஸ்போர்டுப் பெண்களோடு ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

கதவு சாத்தப்பட்டது

பெண்கள் சங்கங்கள் பல ஏற்பட்டபின், அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு சபை வேண்டும் என்று தோன்றிற்று. 1895-ல் இங்கிலாந்துப் பெண்களுக்காக ஒரு ஹாக்கிச் சபை ஏற்பட்டது. அதன் தலைவி லிலியன் பெய்த்புல் என்ற அம்மாள். ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் படித்தவர். அப்போது லண்டனில் பெண்கள் கல்லூரிப் பகுதி ஒன்றின் நிர்வாகத்தில் இருந்தார்.

பெண்கள் முதலில் என்ன செய்தார்கள்? முறைப்படி நடந்துகொண்டார்கள். ஆண்களின் ஹாக்கி அஸோஸியேஷனுக்கு எழுதி, 'எங்களையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டார்கள். பதில் வந்தது. சேர்த்துக்கொள்ள முடியாது என்று!

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் இரண்டில் ஒன்று செய்திருப்பார்கள். அழுதுவிட்டு மட்டையைப் பரணில் போட்டிருப்பார்கள். அல்லது மறுபடியும் மறுபடியும் விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருந்திருப்பார்கள். இந்த அம்மாள்கள் மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். 'அப்படியா? சரி. நம்முடைய சபையில் நிர்வாகப் பதவி எதையும் ஆண்கள் வகிக்கக்கூடாது' என்று விதி எழுதிக்கொண்டார்கள். தலைவியும் பெண், காரியதரிசியும் பெண், பொக்கிஷதாரும் பெண்.

கோபத்தில் செய்ததுபோல் தோன்றும். ஆனால் அதன் பலனைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பெரிய இடத்துப் பெண்கூட வரவு செலவுக் கணக்கைத் தகப்பனாரிடமோ கணவரிடமோ விட்டுவிடுவதுதான் வழக்கம். கூட்டத்தில் எழுந்து பேசுவது, தீர்மானம் கொண்டுவருவது, ஓட்டெடுப்பது, எதிர்த்து ஓட்டுப்போட்டவளோடு மறுநாள் சேர்ந்து டீ சாப்பிடுவது, இதையெல்லாம் பெண்கள் எங்கே போய்க் கற்பது? பார்லிமெண்டுக்கு ஓட்டுப்போடும் உரிமை பெண்களில் ஒரு பகுதியினருக்கு வந்ததே 1918-ல்தான். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே ஹாக்கி சங்கத்தில் அவர்கள் ஓட்டுப்போட்டுக் கொண்டிருந்தார்கள். ஆண்கள் கூட இருந்திருந்தால், 'கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் டீ போடுங்கள்' என்று சொல்லியிருக்கமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்? கதவைச் சாத்தியவர்கள் தம்மை அறியாமலே ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

லிலியன் பெய்த்புல் பிற்பாடு செல்டன்ஹாம் நகரத்தில் பிரசித்தி பெற்ற பெண்கள் கல்லூரியின் தலைமைப் பதவியை 1907 முதல் 1922 வரை வகித்தார். வயதானவர்களுக்கான இல்லங்கள் அங்கே தோன்றவும் காரணமாக இருந்தார். ஹாக்கி மைதானத்தில் சங்கம் நடத்திய கை, பிறகு ஊர்க் காரியங்களையும் நடத்தியது.

பட்டம் வந்த கதை

சங்கம் நடத்தத் தெரிந்தாலும் சர்வகலாசாலையின் மனம் இளகவில்லை. 1897-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று கேம்பிரிட்ஜில் ஓட்டெடுத்தார்கள். மாணவர்கள் சைக்கிள் விடும் பெண்ணைப்போல் ஒரு கொடும்பாவி செய்து, சபை மண்டபத்துக்கு எதிரே உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். தீர்மானம் படுதோல்வி. 1904 முதல் 1907 வரை, அயர்லாந்தில் டப்ளின் நகரத்து டிரினிடி கல்லூரி, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கப்பலேறிப் போய்ப் பட்டம் வாங்கி வந்தார்கள். 'நீராவிக் கப்பல் சீமாட்டிகள்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. ஆக்ஸ்போர்டு 1920-ல் இறங்கிவந்தது. கேம்பிரிட்ஜ் 1921-ல் மறுபடி ஓட்டெடுத்து, மறுபடி மறுத்தது. வெற்றிக் களிப்பில் மாணவர்கள் நியூன்ஹாம் கல்லூரியின் கதவைத் தள்ளுவண்டியால் இடித்துச் சேதப்படுத்தினார்கள். கடைசியில் 1948-ல்தான் பெண்களுக்கு முழு அங்கத்தினர் உரிமை கிடைத்தது. அதற்கு அரசரின் சம்மதம் வந்த மறுமாதம், 1948 ஜூனில், பிலிப்பா பாஸெட் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பது.

ஐம்பத்தெட்டு வருஷம்! அதற்குள் எத்தனை மூன்று வருஷங்கள் வந்து போயின என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் இருபது தலைமுறைப் பெண்கள் வந்தார்கள், படித்தார்கள், ஹாக்கி ஆடினார்கள், சந்தா வசூலித்தார்கள், பட்டம் இல்லாமலே வீடு திரும்பினார்கள். சர்வகலாசாலை அவர்களை அங்கத்தினர்களாக ஏற்கவில்லை. ஆனால் அவர்களுடைய விளையாட்டுச் சங்கங்கள் அவர்களை அங்கத்தினர்களாக ஏற்றன, காப்டனாகத் தேர்ந்தெடுத்தன. தனக்குக் கிடைக்காத பட்டம் தனக்குப் பின்னால் வரும் பெண்ணுக்காவது கிடைக்கட்டும் என்று, நோட்டுப் புத்தகத்தை ஒழுங்காக எழுதி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போனவர்களை என்னவென்று புகழ்வது?

குடித்தனம் நடக்கும் விதம்

இனி, சங்கம் நடக்கும் முறையைப் பார்ப்போம். இப்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேம்பிரிட்ஜில் ஒரே ஹாக்கி சங்கந்தான். வில்பர்போர்ஸ் ரோடு என்ற இடத்தில் செயற்கைப் புல் விரித்த மைதானம். கோஷ்டிகள் பல. முதல் கோஷ்டிக்கு இரு பாலாரிலும் 'ப்ளூஸ்' என்று பெயர். அதற்கு அடுத்த கோஷ்டிகளின் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆண்களின் இரண்டாவது கோஷ்டி 'வாண்டரர்ஸ்', அதாவது ஊர்சுற்றிகள். மூன்றாவது 'ஸ்குவாண்டரர்ஸ்', ஊதாரிகள்! பெண்களின் இரண்டாவது கோஷ்டி 'நோமாட்ஸ்', நாடோடிகள். மூன்றாவது 'பெடுவின்ஸ்', அரேபியப் பாலைவனத்துக் குடிகளின் பெயர். இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று எண் ஒட்டி மட்டம் தட்டாமல், வேடிக்கையான பெயர் ஒன்று வைத்துவிட்டால் அந்தக் கோஷ்டிக்கே ஒரு தனிக் குலப்பெருமை வந்துவிடுகிறது. வீட்டில் சின்ன மருமகளுக்கும் தனிச் சாவி ஒன்று கொடுத்து வைக்கிற புத்திசாலி மாமியாரின் தந்திரம் இது.

அக்டோபர் மாதம் படிப்பு தொடங்கும். புதிதாக வந்தவர்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு ஆடச் சொல்லிப் பொறுக்குவார்கள். தேர்வாகாதவர்கள் துக்கப்பட வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜில் மொத்தம் 31 கல்லூரிகள். கல்லூரிகளுக்குள் 'கப்பர்ஸ்' என்று ஒரு போட்டி உண்டு. அதில் மட்டையைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும், நேற்றுத்தான் பிடிக்கக் கற்றவர்களுக்கும் இடம் உண்டு.

புதன்கிழமைகளில் மற்ற சர்வகலாசாலைகளோடு பந்தயம். சனி, ஞாயிறுகளில் ஊர்ச் சங்கங்களோடு பந்தயம். பாடம் நடக்கும் காலமோ ஒரு தவணைக்கு எட்டே வாரம். அதற்குள் கட்டுரை எழுத வேண்டும், சோதனைச்சாலைக்குப் போக வேண்டும், நடுவில் வெளியூர் போய் ஆடிவிட்டு வரவும் வேண்டும். யாருக்குக் கால் சுளுக்கு, யாருக்குப் பரீட்சை, வண்டியில் எத்தனை இடம், கோல் காவலரின் பெரிய மூட்டையை யார் தூக்குவது, இதெல்லாம் காப்டன், காரியதரிசி தலையில். சந்தாப் பணம் பொக்கிஷதார் தலையில். இந்தப் பதவிகளுக்கு மாணவ மாணவிகளையே வருஷந்தோறும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க் கோஷ்டி வெளியூர்க் கோஷ்டிக்கு டீயும் பலகாரமும் கொடுப்பது இங்கிலாந்தில் ஹாக்கியின் பழைய வழக்கம். சற்று முன் முழங்காலில் அடித்தவரோடு எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்ன வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, மனிதர்களை நன்கு அறிந்தவர்.

எல்லாவற்றுக்கும் சிகரம், படிப்பு வருஷத்தின் பிற்பகுதியில் வருகிற ஆக்ஸ்போர்டுப் பந்தயம். இதுதான் சங்கத்தின் உயிர்நாடி என்று நமக்குத் தோன்றுகிறது. கல்யாணத் தேதி குறித்துவிட்ட வீட்டைப் பாருங்கள். சோம்பேறிகூட எழுந்து ஓடுவான். ஆக்ஸ்போர்டு வந்து நிற்கும் என்பது நிச்சயம். ஆகவே கேம்பிரிட்ஜில் பதினொரு பேர் இருந்தே தீரவேண்டும். சங்கத்துக்குக் கட்டடம் இருப்பதைவிட, பணம் இருப்பதைவிட, தவறவிட முடியாத ஒரு தேதி இருப்பது மேல்.

அப்புறம், மூன்று வருஷம் என்பது ஒரு குறை என்று நினைத்தோம் அல்லவா? அதுவே பலம். முதல் வருஷம் வந்தவர் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். இரண்டாம் வருஷம் பொறுப்பு ஏற்க முன்வரலாம். மூன்றாம் வருஷம், பக்கத்தில் நின்று யோசனை சொல்லலாம். பிறகு போயே தீரவேண்டும். 'நான்தான் இருபது வருஷமாகத் தலைவர்' என்று நாற்காலியை ஒருவரும் இறுகப் பிடித்துக்கொள்ள முடியாது. போகப் போகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், ஒப்படைக்கும் வழியையும் எல்லோரும் முன்கூட்டியே யோசிக்கவேண்டியிருக்கிறது. நம் சங்கங்களின் நோயே, 'நாம் எங்கே போகப் போகிறோம்?' என்கிற நினைப்புத்தான்.

நீலக் கோட்டின் விலை

சம்பளமில்லாத ஆட்டத்துக்காக மனிதர்கள் என்னென்ன விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு நம் தேசத்தவர் ஒருவரே சாட்சி. இன்றைய ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு அருகே முண்டா பழங்குடியில் பிறந்தவர் ஜெய்பால் சிங். ராஞ்சிப் பள்ளிக்கூடத்தில் அவருடைய திறமையைக் கண்ட பாதிரியார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, ஹாக்கியில் ஆக்ஸ்போர்டு 'ப்ளூ' ஆனார். ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்கும் தேர்வானார். அந்த எழுத்து மூன்றும் பெயருக்குப் பின்னால் வந்தால் அன்றைக்கு மாப்பிள்ளைச் சந்தையில் என்ன மதிப்பு என்று பாட்டிமார்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்திய ஹாக்கி கோஷ்டியின் காப்டனாக அவரை அழைத்தார்கள். பயிற்சியிலிருந்து லீவு கேட்டார், கிடைக்கவில்லை. லீவு இல்லாமலே போய்விட்டார்! அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது; தன் பக்கம் ஒரு கோல்கூட விடவில்லை. கடைசி ஆட்டத்தில் ஹாலந்தை 3-0 என்று ஜெயித்துத் தங்கப் பதக்கம் வாங்கியது. தியான் சந்த் என்ற பெயரை உலகம் தெரிந்துகொண்டதும் அப்போதுதான். ஜெய்பால் சிங் திரும்பி வந்தபின் ஐ.சி.எஸ்.ஸை விட்டார். பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசி மக்களின் குரலாக எழுந்து பேசியவரும் அவரே. பெரியவர்கள் முன்னால் தயங்காமல் 'எங்கள் கட்சி இது' என்று சொல்லும் துணிவு, மைதானத்திலும் சற்று வளர்ந்திருக்கும் என்று நினைக்க நமக்கு ஆசை.

கேம்பிரிட்ஜ் பக்கமும் ஓர் உதாரணம் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஹாக்கியில் தங்கம் வாங்கியது. அந்தக் கோஷ்டியின் காப்டன் ரிச்சர்ட் டாட்ஸ், கேம்பிரிட்ஜ் செயின்ட் கேதரின்ஸ் கல்லூரியில் படித்தவர். தொழில், எலும்பு சம்பந்தமான சஸ்திர சிகிச்சை. மற்றவர்கள் எலும்பை ஒட்டவைப்பது தொழில்; தம்முடைய எலும்பைப் பணயம் வைப்பது பொழுதுபோக்கு!

பெண்கள் பக்கம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆண்களின் ஹாக்கி 1908-லேயே ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. பெண்களின் ஹாக்கிக்கு 1980 வரை இடமில்லை. மாஸ்கோவில் நடந்த அந்த முதல் போட்டியில் நம் இந்தியப் பெண்கள் நாலாவதாக வந்தார்கள். ஆனால் ஒலிம்பிக் வரும் வரை இங்கிலாந்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1951 முதல் நாற்பது வருஷம், வெம்பிளி மைதானத்தில் அவர்களுடைய சர்வதேசப் பந்தயம் வருஷந்தோறும் நடந்தது. பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பெண் குழந்தைகள் வந்து குவிவார்கள். பதினாயிரக் கணக்கில் கூட்டம்! அவ்வளவையும் ஏற்பாடு செய்தவர்கள், 1895-ல் 'உங்களுக்கு இடமில்லை' என்று பதில் வாங்கிய அதே சபையின் வாரிசுகள்.

1997-ல் ஆண்கள் சபையும் பெண்கள் சபையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சபை ஆகிவிட்டன. நூற்றிரண்டு வருஷம் கழித்து விண்ணப்பத்துக்குச் சாதகமான பதில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஒரே மைதானத்தில், ஒரே சங்கத்தில், தமையனும் தங்கையும் ஆடுவது சந்தோஷமான காட்சிதான். ஆனால் ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. எல்லாப் பதவியும் பெண்களுக்கே என்று இருந்தபோது, எந்தக் கூச்சக்காரப் பெண்ணும் ஒரு நாள் எழுந்து நின்று பேசியாக வேண்டியிருந்தது. பொதுச் சபையில் அப்படிக் கட்டாயம் இல்லை. கதவு திறந்திருப்பதால் மட்டும் நாற்காலி தானாக வந்துவிடாது. உள்ளே போகிற பெண் அதை இழுத்துப் போட்டு உட்காரவேண்டும்.

நம் வீட்டுப் பெண் காலேஜிலிருந்து வந்து, 'அம்மா, என்னை ஹாக்கி கோஷ்டிக்குக் காரியதரிசியாகப் போட்டிருக்கிறார்கள்' என்று சொன்னால், 'பரீட்சை நேரத்தில் உனக்கு எதற்கு இந்த வம்பு?' என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். முப்பது பேரிடம் சந்தா வாங்கி, அதற்குக் கணக்குக் காட்டி, கோபித்துக்கொண்ட நாலு பேரைச் சமாதானப்படுத்தி, மழை பெய்தாலும் பந்தயத்துக்குப் பதினொரு பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிற பெண், நாளைக்கு ஓர் ஆபீஸையும் நடத்துவாள், ஒரு குடும்பத்தையும் நடத்துவாள். அந்தப் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது, மார்க்கும் கிடையாது.

அவள் பதவியை விட்டு இறங்குகிற அன்றைக்கு மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'கணக்கு நோட்டையும் அலமாரிச் சாவியையும் யாரிடம் கொடுத்தாய்?'